புடவை நீலம் என்று சொன்னேன்

சித்தியின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், தியாகராய நகரில் ரவிக்கைத் துணி மட்டுமே விற்கும் ஒரு குறுகலான கடையில், என் வாழ்வின் முதல் தீர்ப்பை வழங்கினேன். அப்போது எனக்கு ஏழு வயது.

புடவை, சித்தி தானே ஆசைப்பட்டு வாங்கியது. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே எங்கோ நின்றது. அதற்கு இசைந்த துணி அன்று இருட்டுவதற்குள் மந்தைவெளித் தையற்காரரிடம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் பழைய அரக்குப் புடவைதான். சித்திக்கு அந்த அரக்கைக் கண்டாலே ஆகாது.

கடை அண்ணாச்சி நீலத்தைக் கட்டுக் கட்டாக இறக்கினார். நான் சிணுங்கத் தொடங்கியதும் என்னை மறுகோடியில் உட்காரவைத்து, மடியில் சில துண்டுகளைப் போட்டார்.

"இது கிளிப்பச்ச, இது பாசிப்பச்ச, இது இலப்பச்ச. எங்க, சொல்லு பாப்போம்."

பச்சை என்பது இன்னது என்று நான் முறையாகக் கற்றது அப்போதுதான்.

நீலத்திலேயே நெடுநேரம் அளைந்த அம்மா, புடவையைத் திடீரென்று விலக்கிப் பிடித்தாள். "இது நீலமே இல்லடி. பச்சை!"

"ஆமாக்கா, பச்சையான்னா இருக்கு!" என்றாள் சித்தி. மீதி நீலக் கட்டுகளைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"பச்சயில நம்மகிட்ட இருக்கது, இந்தப் பிள்ள மடியில கெடக்குற வகதாம்மா" என்றார் அண்ணாச்சி. எதுவும் ஒட்டவில்லை. சித்தியின் கண்கள் நிறைந்தன.

நான் மடியைப் பார்த்தேன், புடவையைப் பார்த்தேன். "இது பச்சையே இல்லை. நீலம்."

"வாயை மூடிண்டு உக்காரு" என்றாள் அம்மா.

"நீலம்தான்!"

"பிள்ள சொல்லுதுல்லா, மிச்சத்தயும் பாத்துருவோம்" என்று அண்ணாச்சி கட்டைப் பிரித்தார். ஒரு துண்டை உருவிப் புடவையோடு தெருவுக்குக் கொண்டுபோனார். குழல்விளக்கை நம்பி அந்தக் கடையில் யாரும் துணி கிழிப்பதில்லை. வெயில் ஒப்ப வேண்டும். வெயிலில், எது புடவை எது துண்டு என்று பிரித்தறிய முடியவில்லை.

சித்தி நடுத்தெருவில் என்னைத் தூக்கிச் சுற்றினாள். "கண்ணுன்னா இவ கண்ணுக்கா!"

பேருந்தில் இருவருக்கும் நடுவே நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். பெரியவர்களாகிவிட்டால் பாவம், பார்வை மங்கிவிடும் போலும் என்று மனமார இரங்கினேன். அவர்கள் அதுவரை எந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் எந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவேயில்லை.