வலி மாத்திரை தராத அக்கா

ஐந்தாவது படிக்கும்போது நான் மனதார வெறுத்த ஒரே ஆள், கச்சிராயபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்த அக்கா. என்னை முட்டி போட வைத்த வாத்தியாரைக்கூட அந்த அளவுக்கு வெறுத்ததில்லை.

அம்மா அப்போது கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் எல்லாம் வீங்கியிருக்கும். காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது, செம்பைப் பிடிக்க முடியாது. நான்தான் அவளுக்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிடுவேன். காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அவிழ்ந்துவிடும். அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. வெறும் வயிற்றில் டீயோடு இரண்டு வலி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் கை வழிக்கு வரும், கத்தியைப் பிடிக்கலாம். சாயங்காலம் இன்னும் இரண்டு. டவுன் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருவது என் வேலை.

அந்த அக்கா ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்பார். யாருக்கு, எத்தனை நாளாக, டாக்டர் சீட்டு எங்கே என்று. நானும் கேள்விக்கேற்றபடி புளுகுவேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், இனிமேல் தரவே முடியாது என்றுவிட்டார். மாத்திரை இல்லையென்றால் அம்மா மறுநாள் வேலைக்குப் போக முடியாது. நான் கடை வாசலிலேயே அழ ஆரம்பித்தேன்.

அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "உங்கம்மா வவுறு எரியுதுன்னு சொல்றாங்களா?"

"ஆமாக்கா."

"வெளிக்கி கறுப்பா போவுதாமா?"

எனக்குத் தெரிந்த விஷயம்தான். தார் ஊற்றின மாதிரி போகிறது, வெயில் சூடுதான் என்று அம்மா அத்தையிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். சரியான பதில் சொன்னால் மாத்திரை கிடைக்குமாக்கும் என்று நினைத்து, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னேன். "தார் மாதிரி போவுதுக்கா!"

நின்றிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர்களை வெளியே அனுப்பி, ஷட்டரை இழுத்துப் பூட்டி, என்னைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டார்.

கரும்புக் காட்டில் அம்மா வேலைக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அக்கா அவள் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார்.

"நான் மருந்துக்கடைல இருக்கறங்க. எழுந்து வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும். உள்ள ரத்தம் கசியுது."

"இன்னாம்மா சொல்ற? வெட்டு பாதில நிக்குது. மாத்திரய மட்டும் குடுத்துட்டுப் போ."

"அந்த மாத்திரதாங்க வவுத்தப் புண்ணாக்கியிருக்கு."

அதை நிரூபிக்கவே நினைத்தவள்போல அம்மா எழுந்து இரண்டடி நடந்து, கரும்புச் சோகையின் மேல் அப்படியே சரிந்தாள். கரும்பு ஏற்ற வந்த டிராக்டர்க்காரரும் அக்காவும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். கண் விழித்ததும் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊருக்கே தமுக்கடிச்சியா?" என்பதுதான். என்னைத் திட்டு வாங்க வைத்ததற்காக அக்காவை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

அங்கேதான் விரல் வீக்கம் முடக்குவாதம் என்று தெரிந்தது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை கொடுத்தார்கள். "வாரத்துக்கு ஒண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அம்மா நம்பாமலேயே போட்டாள். சில மாதங்களில் ஒரு காலை தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அது அவிழவே இல்லை.

பல வருடம் கழித்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோது, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதற்கு விளக்கம் கிடைத்தது. செல்களின் மேலுறையில் இருக்கும் கொழுப்பிலிருந்து உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற தூதுப்பொருளைச் செய்துகொள்கிறது. மூட்டில் அது வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. இரைப்பையிலோ அதே பொருள்தான் அமிலம் சுவரை அரிக்காமல் காவல் காக்கிறது. வலி மாத்திரைக்கு இடம் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டு இடத்திலும் அதைக் குறைத்துவிடும். நோயோ அடங்காமல் உள்ளே மூட்டைத் தின்றுகொண்டிருக்கும். பேராசிரியர் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா இருக்கிறாள், இன்று என் மகளுக்குத் தலை பின்னுகிறாள் என்றால், அது அந்த அக்கா எனக்கு மாத்திரை இல்லை என்று சொன்னதால்தான்.

அந்த வருடமே, கை சரியானதும் அம்மா எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்து, அக்காவிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். கடையில் வேறொருவர் இருந்தார்.

"அந்தப் பொண்ணா? பட்டப்பகல்ல கடைய பூட்டிக்கினு எங்கியோ போயிட்டிச்சாம். மொதலாளி அன்னிக்கே நிறுத்திட்டாரு. திருக்கோவிலூர் பக்கம் போயிட்டதா சொல்றாங்க."

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எள்ளுருண்டைகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தேன். அவற்றைப் பிடித்த விரல்கள் மடங்கியது யாரால் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.