சிவபாலண்ணை வேண்டாம் என்ற பதவி

நேற்று இங்கே ஜெர்மனியில், எசன் நகரச் சந்தைக்கு வெங்காயத்தாள் வாங்கப் போனேன்; ஒரு பக்கெற் பூவிதையோடு திரும்பி வந்தேன். இன்னும் சில கிழமைகளில் மாநிலத் தேர்தல். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு தொங்குகிறார். ஜெர்மன்காரர் வாக்குக் கேட்டு வந்தால் பேனா தருவார்கள், சொக்லேட் தருவார்கள், மண்ணில் போட்டால் பூக்கும் என்று விதை தருவார்கள். என் வீட்டில் எல்லாக் கட்சிகளின் பேனாக்களும் இருக்கின்றன. ஒன்றும் ஒழுங்காக எழுதாது. விதையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், முளைத்தது புல்.

விதை தந்தவள் வைஷ்ணவி. எங்கள் சிவபாலண்ணையின் மகள். கரும் நீல நிற மேலங்கி போட்டு, குடையின் கீழ் நின்று, போகிற வருகிற எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அன்ரி, நான் இந்த முறை நிக்கிறன். உங்கட முதல் வாக்கு எனக்கு வேணும்."

இங்கே ஆளுக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதியில் நிற்கும் ஆளுக்கு, மற்றது கட்சிக்கு. அதெல்லாம் எனக்கு விளங்கும். ஆனால் "எனக்கு வேணும்" என்று அவள் பட்டென்று சொன்னதும் எனக்குக் காது கூசிவிட்டது. நடுச்சந்தையில், நல்ல வெளிச்சத்தில், ஒரு தமிழ்ப்பிள்ளை தனக்குப் பதவி வேணும் என்கிறாள்! நான் பழைய பழக்கத்தில், "பாப்பம் பிள்ளை" என்றேன். அவள் இன்னொரு தரம் கேட்பாள், நான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன், பிறகு "சரி சரி, உனக்குத்தான்" என்பேன் என்று நினைத்திருந்தேன். அவளோ விதையை என் கையில் வைத்துவிட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவரிடம் போய்விட்டாள்.

வெங்காயத்தாளை மறந்துபோனேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய மேலங்கியின் நிறம்தான் கண்ணுக்குள் நின்றது. அவளுடைய தகப்பனுடைய கோட்டும் அசல் அதே நிறம். அந்தக் கோட்டை நாங்கள் முதன்முதலில் பார்த்த கதை உங்களுக்குத் தெரியாது. இருங்கள், சொல்கிறேன்.

அப்போது எங்களில் ஒருவரிடமும் ஜெர்மன் குடியுரிமை இல்லை. மாநிலத் தேர்தல் நடக்கும் ஞாயிறுகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சனம் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்கும் வாக்கு இருந்த ஒரே இடம் எங்கள் தமிழ் மன்றம். அதனாலோ என்னவோ, தேர்தல் ஆசை முழுவதையும் அங்கேயே தீர்த்துக்கொண்டோம். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர், விளையாட்டுப் பொறுப்பாளர். எங்கள் மன்றத்தில் பதவி இல்லாத சாதாரண உறுப்பினர் என்றால் யாராவது புதிதாக வந்திறங்கிய மாமியாராகத்தான் இருக்கும். பெண்களுக்கு என்று ஒரு பதவி இருந்தது: மகளிர் பொறுப்பாளர். அதன் பொருள், விழாவன்று வடை சுடுவது. எனக்கு வடை சரியாக வராது என்பதால் என்னை அறிவிப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் தெரிவில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. யாரும் தானாக நிற்கக்கூடாது. வேறு ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் பெயருக்குரியவர் பாம்பைக் கண்டவர்போல் பின்னால் சாய்ந்து, "ஐயோ, எனக்கு உது வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ" என்பார். சபை விடாது. "நீங்கள்தான் அண்ணை இருக்கோணும்" என்று இரண்டு மூன்று தரம் கெஞ்சும். அதன் பிறகு அவர் பெருமூச்சு விட்டு, "நீங்கள் இவ்வளவு கேக்கிறபடியால்..." என்று எழும்புவார். விருந்துக்குப் போன வீட்டில் முதலில் "பசிக்கேல்லை" என்று சொல்வோமே, அதே மாதிரித்தான். பசி இல்லை என்பதை நம்பி யாராவது சட்டியை மூடிவிடுவார்களா?

அந்த வருடம் சிவபாலண்ணைக்குப் பசி அதிகம். ஏனென்றால் அவருடைய மனைவியின் அண்ணன் கனடாவிலிருந்து பொங்கல் விழாவுக்கு வருவதாக இருந்தார். அந்த மனிதர் கனடாவில் மூன்று சங்கங்களுக்குத் தலைவர். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எந்தச் சங்கத்தின் சார்பில் பேசுகிறார் என்றே தெரியாது. பெரிய சமையற்கூடம் ஒன்றில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சிவபாலண்ணையிடம் அவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீர் அங்கை என்னவாய் இருக்கிறீர்?" கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் சிவபாலண்ணை சொல்லிவிட்டார்: "நான் இஞ்சை தலைவர்." தேர்தல் நடக்கும் முன்பே!

இதை அக்கா, அதாவது சிவபாலண்ணையின் மனைவி, தலையில் கை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். "பிள்ளை, இந்த முறை இவரைப் போடாட்டில் இவர் ரயினுக்கை போய் இருந்திடுவார். எங்கை போகுதெண்டும் பார்க்க மாட்டார்."

போடுவதில் பிரச்சினை இருக்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் போட இருந்தார்கள். பிரச்சினை ஹெர் வேபர். முந்தைய வருடத் தேர்தல் தள்ளுமுள்ளில் முடிந்ததால், இந்த முறை நடுநிலையான ஒருவர் நடத்தட்டும் என்று தீர்மானித்து, என் மேல்மாடியில் குடியிருந்த ஹெர் வேபரை அழைத்திருந்தோம். ஹெர் என்றால் ஜெர்மனில் திரு. ஓய்வுபெற்ற மனிதர். ஒவ்வொரு மாநிலத் தேர்தலுக்கும் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் உட்கார்ந்து வாக்கு எண்ணுகிறவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மொழிபெயர்ப்பாளர். அப்போது முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன், மன்றத்தில் எனக்குத்தான் ஜெர்மன் கொஞ்சம் ஓடும்.

தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த மண்டபத்துக்கு ஒரு வாசம் உண்டு: தரை மெழுகும், வடிகோப்பியும், எங்கள் ஆட்டுக்கறியும் கலந்த வாசம். இன்றைக்கும் எங்காவது அந்த மூன்றும் சேர்ந்து மணத்தால் நான் எழுந்து "சபையோருக்கு வணக்கம்" என்று சொல்லிவிடுவேன். சிவபாலண்ணை தடித்த குளிர் ஜக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். மண்டபத்தில் ஹீற்றர் அடுப்புப்போல் எரிந்தது. அவருக்கு வியர்வை ஓடியது.

"அண்ணை, ஜக்கெற்றைக் கழட்டுங்கோவன்" என்றேன்.

"எனக்குக் குளிருது" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

உள்ளே புதிய கரும் நீலக் கோட்டு இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பதவி கிடைத்ததும் ஜக்கெற்றைக் கழற்றுவதாகத் திட்டம். முதலே கோட்டோடு வந்தால் ஆசைப்பட்டு வந்தவர் என்று சனம் நினைத்துவிடுமே.

கூட்டம் தொடங்கியது. யாரோ சிவபாலண்ணையின் பெயரைச் சொன்னார்கள். ஹெர் வேபர் கரும்பலகையில் பெயரை அழகாக எழுதிவிட்டு அவரைப் பார்த்தார். சிவபாலண்ணை பின்னால் சாய்ந்தார். "சீச்சீ, எனக்கு உது வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ."

"என்ன சொல்கிறார்?" என்று ஹெர் வேபர் என்னைக் கேட்டார்.

நான் புத்தி கெட்டவள், இருந்ததை இருந்தபடி சொன்னேன். "தனக்கு வேண்டாம் என்கிறார்."

ஹெர் வேபர் மர அடிமட்டத்தை வைத்து அந்தப் பெயரை நேர்கோட்டில் வெட்டினார். சபை "நீங்கள்தான் அண்ணை" என்று சொல்லத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. நான் எழுந்து, "ஐயா, அவர் வேண்டாம் என்பது விருப்பம் என்றுதான்..." என்று தொடங்கினேன். ஹெர் வேபர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருடமாக வாக்கு எண்ணுகிறேன், அம்மணி. இல்லை என்றால் இல்லை."

சிவபாலண்ணையே எழுந்து "எனக்கு வேணும்" என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லை அவர் எப்படிச் சொல்வார்? அதைவிட ரயிலில் போய் இருக்கலாம். அடுத்து வேறொருவரின் பெயரைச் சொன்னார்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். பாதை திறந்துவிட்டது என்று அவருடைய முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். ஆனாலும் வாய் பழகிய வாய். "ஐயோ, எனக்கு வேண்டாம்" என்றுவிட்டது. அடிமட்டம் வந்தது, கோடு விழுந்தது. அதற்கடுத்தவரும் அப்படியே. கரும்பலகை நிறைய வெட்டுப்பட்ட பெரிய மனிதர்கள்.

கடைசியில் கதவோரம் இருந்த முத்துக்குமாரை யாரோ பகிடிக்குச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்து பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பையன். இங்கே ஆட்டுக்கறி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அன்றுதான் முதன்முதலாக வந்தவன். வாசலில் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் சாப்பாட்டுத் துண்டுச்சீட்டு என்றதால் சேர்ந்திருந்தான்.

"ஓகேங்க, எனக்கு ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல" என்றான்.

ஹெர் வேபர் அவனுக்குக் கை கொடுத்தார். எங்கள் மன்றத்துக்குத் தலைவர் கிடைத்துவிட்டார். சிவபாலண்ணை சாப்பிட்டு முடிக்கும்வரை ஜக்கெற்றைக் கழற்றவே இல்லை. ஆட்டுக்கறியின் உறைப்பும் சேர, மனிதர் அவிந்துபோனார்.

அடுத்த சனிக்கிழமை பொங்கல் விழா. கனடா மைத்துனர் வந்திறங்கிவிட்டார். அக்கா தொலைபேசியில் அழுதார்: "இவர் சாப்பிடுறேல்லை பிள்ளை. என்ரை அண்ணை இவரின்ரை தலைவர் உரையை வீடியோ எடுக்கக் கமெராவும் கொண்டு வந்திருக்கிறார்." எனக்கும் பொறுக்கவில்லை. பானுக்குப் போன் போட்டு முத்துக்குமாருக்கு எங்கள் முறையை விளக்கினேன்.

"அய்யய்யோ, தெரியாம போச்சுங்க. அப்ப நான் இப்ப வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லுங்கோ. ஆனா நீங்கள் சொன்னால் நாங்கள் திருப்பிக் கேப்பம். மசியக்கூடாது. திருப்பியும் வேண்டாம் எண்டு சொல்லோணும்."

"எத்தன வாட்டிங்க?"

"களைக்கும்வரைக்கும்."

பாவம், மேடையில் நன்றாகவே செய்தான். பரீட்சை இருக்கிறது, சிவபாலன் சார்தான் இருக்கணும் என்று ஒலிவாங்கியில் சொன்னான். சனம் மரியாதைக்கு அவனையும் கெஞ்சியது. அவன் மசியவில்லை. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே மைத்துனர், கையில் கமெரா. அவருக்குப் பக்கத்தில் சிவபாலண்ணை, ஜக்கெற் பூட்டியபடி. அவருக்கு அடுத்த கதிரையில், கௌரவ விருந்தினராக, ஹெர் வேபர்.

சிவபாலண்ணை வாயைத் திறந்தார். கடவுளே, இந்த முறையாவது ஓம் என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சீச்சீ, எனக்கு உது வேண்டாம்..."

ஹெர் வேபர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

"மிகவும் மகிழ்ச்சி என்கிறார்" என்றேன்.

அவர் தலையசைத்துக் கைதட்டத் தொடங்கினார். அதன் பிறகு சபையைப் பிடிக்க முடியவில்லை. அடக்கி வைத்திருந்த கெஞ்சல் எல்லாம் வெளியே வந்தது. "நீங்கள்தான் அண்ணை!" "நீங்கள் இல்லாட்டி மன்றம் இல்லை அண்ணை!" அவர் வேண்டாம் என்றார், நாங்கள் கேட்டோம், அவர் வேண்டாம் என்றார். பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது. சிறுபிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். மைத்துனர் கமெராவைத் தாழ்த்திவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "என்ன பிள்ளை, இஞ்சை ஒவ்வொரு வருசமும் இவரை இப்பிடித்தான் கெஞ்சுறவையோ?"

"ஓம் அண்ணை, ஒவ்வொரு வருசமும்."

அவருடைய மூன்று சங்கங்களிலும் இப்படி ஒரு நாளும் நடக்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. "நீங்கள் இவ்வளவு கேக்கிறபடியால்..." என்று சிவபாலண்ணை எழுந்து ஜக்கெற்றின் பூட்டை மெல்ல இழுத்தார். கரும் நீலக் கோட்டு. கைகள் கொஞ்சம் நீளம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

அன்றைக்கு எனக்குள்ளும் ஒரு ஆசை விழுந்தது. ஒருநாள் என்னையும் அப்படிக் கேட்க வேண்டும். பதவிக்காக இல்லை என்று சொன்னால் பொய், பதவிக்காகவும்தான். ஆனால் அந்தக் கெஞ்சலுக்காகவே கூடுதலாக. பெண்களின் பெயரை யாரும் தலைவருக்குச் சொல்வதில்லை. ஆனாலும் வேலைக்குப் போகும் ட்ராமில் உட்கார்ந்து, எப்படிப் பின்னால் சாய்வது, எந்தக் குரலில் "எனக்கு உது வேண்டாம்" என்பது என்று மனதுக்குள் பழகியிருக்கிறேன். வருடக்கணக்காக.

சிவபாலண்ணை இப்போது இல்லை. ஹெர் வேபரும் இல்லை. முத்துக்குமார் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்வி. எங்கள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாக்குப் போடுகிறோம். மன்றத்துக்கு வர நேரமில்லை. போன குளிர்காலம் கடைசிக் கூட்டம் நடந்தது. ஒரு மேசையைச் சுற்றி இருக்குமளவுக்குத்தான் ஆட்கள். வைஷ்ணவிதான் நடத்தினாள். தலைவர் இல்லாவிட்டால் மன்றத்தை மூட வேண்டும் என்று சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

நான் அழகாகப் பின்னால் சாய்ந்தேன். கையை விரித்தேன். "ஐயோ, எனக்கு உது வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ" என்றேன். ட்ராமில் பழகியதைவிட நன்றாகவே வந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிலத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

"ஓகே அன்ரி, பரவாயில்லை" என்றாள் வைஷ்ணவி. "அப்ப மன்றத்தை மூடுறம். அடுத்தது, பொங்கல் பானையை ஆர் வீட்டை கொண்டு போறது?"

அவள் என்னைப் பார்த்தாள். "அன்ரி, உங்களுக்கு வேணுமோ?"

"ஓம், வேணும்" என்றேன், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.