நம்பி என்றால் எழுத்துப் பிழை

திருச்சுழியில் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, ஆதாரில் பெயர் திருத்தம் என்று ஊரார் தப்பையெல்லாம் உட்கார்ந்து திருத்துவதுதான் பிழைப்பு. எழுத்துப் பிழை எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பதற்கு முன்னால் ஒற்று விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். படிக்காதவர்கள் செய்கிற பிழையை மன்னித்துவிடலாம். டாக்டருக்குப் படித்தவர்கள் செய்கிற பிழை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதிவிட்டார்கள், நான் ஆண். இதற்கு மேல் விளக்கமாட்டேன். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. மனநல மருத்துவரோ முறையாகப் படித்த சைக்காலஜிஸ்ட்டோ உங்களோடு பேசிப் பார்த்து, இவர் தெளிவாகத்தான் கேட்கிறார் என்று ஒரு கடிதம் தரவேண்டும், அது வந்தால் ஊசி போடலாம் என்றார். மனசுவிட்டுப் பேச ஆள் வேண்டுமென்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும். அந்த ஒரு தாளுக்கு ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

முதலில் போனது அருப்புக்கோட்டையில் ஒருவரிடம். வாசல் பலகையில் நரம்பு, மனம், தூக்கமின்மை, குடிப்பழக்கம் என்று வரிசையாக எழுதியிருந்தது. அம்மாவும் கூட வந்தாள். பரளச்சியில் நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழைய பெயரும் இல்லை, புதுப் பெயரும் இல்லை. "இந்தா", அவ்வளவுதான். ஆனாலும் டாக்டர் என்றதும் கிளம்பிவிட்டாள். டாக்டர் என்னைச் சரிசெய்து கொடுப்பார் என்று நம்பினாள், பாவம்.

வரவேற்பில் ஒரு பெண் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். "என்ன பிரச்சினைன்னு போட?" என்றாள்.

"பிரச்சினை இல்லங்க. திருநம்பின்னு போடுங்க."

"நம்பியா? திருக்குறுங்குடி நம்பியா? எங்க வீட்டுக்காரரு வருசந் தவறாமப் போவாரு."

பெருமாளையும் என்னையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு 'நம்பி'யை அடித்து மேலே 'நங்கை' என்று எழுதினாள். "தப்பா எழுதிட்டேன், திருத்திட்டேன்" என்று சிரித்தாள். தப்பில்லை, நம்பிதான் சரி என்றேன். "பரவால்லங்க, எல்லாருக்கும் சொல்லும்போது வாய் தவறும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். ஊர்த் தப்பையெல்லாம் திருத்துகிறவனை ஒருத்தி திருத்தி உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். ஆதாரைப் பார்த்தார், அதில் பழைய பெயரும் பெண் என்றும் இருந்தது. என் சட்டையையும் பேண்ட்டையும் பார்த்தார். மூன்றையும் கூட்டி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஆதார்லயே மாத்தியாச்சா? வெரி குட். ஆபரேஷன் எங்க பண்ணுனீங்க?"

"இன்னும் பண்ணல டாக்டர்."

"பண்ணாமலே குரல் இவ்வளவு மெலிசா வந்திருச்சா!" மனிதர் உண்மையாகவே வியந்துபோனார். "அப்புறம் ஏம்மா இன்னும் சட்டையும் பேண்ட்டும்? யாருக்குப் பயப்படுறீங்க? தைரியமாச் சேலை கட்டுங்க, வளையல் போடுங்க. ஊரு என்ன வேணா பேசட்டும். நீங்க பொம்பளைதான்!"

அதுவரை வாயைத் திறக்காத அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "அதத்தான் டாக்டரய்யா நானும் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"உங்களை மாதிரி ஒரு தாயி எல்லாருக்கும் கெடைக்காதும்மா" என்று அவர் நெகிழ்ந்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை வருஷத்தில் நான் பார்த்த டாக்டர்களில் அவரைப் போல ஆதரவாகப் பேசியவர் யாருமில்லை. அவ்வளவு ஆதரவும் அந்த அறையில் இல்லாத யாரோ ஒருத்திக்கு. நான் ஆணாகப் பிறந்து பெண்ணானவள் இல்லை, எதிர்த்திசை என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. "அப்படிக்கூட இருக்காங்களா?" என்றார், பக்கத்து மாவட்டத்தில் யானை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவரைப் போல. பிறகு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தவர் மாடியில் இருந்தார். சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ் மாட்டியிருந்தார். எனக்குத் தொழிலே சான்றிதழ் என்பதால் எல்லாவற்றையும் படித்தேன், பாதி மூன்று நாள் பயிற்சி முகாம்களுக்குக் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அருவியில் குளிப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். குண்டாற்றில் தண்ணீர் வந்தால் பைக்கில் போய் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரன் நான். அருவி வரவில்லை, சீமைக்கருவேலந்தான் வந்தது. கண்ணைத் திறந்ததும், "ஒரு கல்யாணம் பண்ணிப் பாருங்க, தானாத் தெளிஞ்சிரும்" என்றார். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சும்மா சொல்வதை இவர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னார். கடிதம் கேட்டேன். அதற்கு இன்னும் பன்னிரண்டு அமர்வு ஆகுமாம். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது, போனில். ஒரு ஆப் மூலமாகப் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் பேசினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசினேன். எடுத்ததும், "உங்க ப்ரோனவுன்ஸ் என்ன?" என்று கேட்டார். என்னை அவன் என்பதா அவள் என்பதா என்று கேட்கிறாராம். எங்கள் பக்கம் மதிக்கிற ஆளை 'அவுக' என்போம், ஆண் பெண் எல்லாருக்கும் அதுதான் என்றேன். "வாவ், எவ்வளவு அழகு!" என்று எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நான்கு வாரம் அவர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. தப்பாகப் பேசக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு என்னிடம் வேறு வேலையும் இல்லை. ஐந்தாவது வாரம், பாதுகாப்பான ஒரு பெரிய சிட்டிக்கு மாறிப் பார்க்கலாமே என்றார். அப்போது வெளியே ஒரு கிழவர் முதியோர் பென்ஷனுக்காக ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். கடை, அம்மா, இந்தத் தாலுகாவுக்கே தெரிந்த என் மூஞ்சி எல்லாவற்றையும் எந்தப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவது என்று அவர் சொல்லவில்லை. கடிதம் கொடுப்பது ஆப்பின் பாலிசியில் இல்லை என்று கடைசியில் தெரிந்தது.

இதற்குள் நானும் தேறிவிட்டேன். எப்படி எழுதினால் விண்ணப்பம் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியாதா? கேட்கிறவர்களுக்குத் தோதாக ஒரு கதை தயார் செய்துவைத்தேன். ஐந்து வயதில் பாவாடையைக் கழற்றி எறிந்தேன். பம்பரமும் கில்லியும்தான் விளையாட்டு. பொம்மையைத் தொட்டதில்லை. பெண்ணாக இருந்த ஒரு நாளில் ஒரு நிமிஷம்கூட எனக்குப் பிடித்ததில்லை. இதில் முக்கால்வாசி உண்மை. மீதியையும் சேர்த்தால்தான் கோப்பு நகரும் என்று எனக்குத் தோன்றியது. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிற விண்ணப்பத்தை எந்த ஆபீஸும் ஏற்றுக்கொண்டதில்லை.

நான்காமவரைப் பற்றிச் சொன்னது துபாய்க்குப் போக பாஸ்போர்ட் விண்ணப்பிக்க வந்த ஒருவர். "பிள்ள பெத்த பெறகு வீட்டுக்காரி மூணு மாசமாப் பேச்சே இல்ல சார். அவுககிட்டக் கூட்டிட்டுப் போனோம். இப்ப என்னையவே அதட்டுறா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அருப்புக்கோட்டையில் ஒரு பாய் நடத்துகிற வத்தல் மல்லி மொத்தக் கடையின் பின்னறையில் அந்தப் பாயுடைய அக்காதான் உட்கார்ந்திருக்கிறாராம். முறையாகப் படித்து உரிமம் வாங்கிய சைக்காலஜிஸ்ட். சிரிப்புத்தான் வந்தது. மிளகாய் மூட்டைக்குப் பின்னால் மனநலமா? ஆனாலும் உரிமம் இருக்கிறது, கையெழுத்து செல்லும். போனேன்.

மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே நுழைந்தேன். எனக்கு முன்னால் போன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடை வாசலில் நின்ற அவள் மாமியார், "வத்தல் நெடி" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அங்கே அறை போட்ட காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே யார் அழுதாலும் ஊர் காரணம் கேட்காது. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் கோபத்தோடு.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். அந்த அக்காவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் என்னைச் சார் என்பார்கள். தெரிந்தவர்கள் எதையும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார்கள். தம்பி என்று யாரும் கூப்பிட்டதில்லை. சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே, ஏமாறாதே என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

திருநம்பி என்றேன். "அந்தச் சொல்லு தெரியும். ஆனா உங்களமாதிரி ஒருத்தரை இந்த நாற்காலில உக்காரவச்சுப் பேசுனதில்ல. தப்பாப் பேசிட்டா சொல்லிருங்க" என்றார். நான் என் கதையைப் பிசிறில்லாமல் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். இரண்டாவது வாரம் மற்ற டாக்டர்களைப் பற்றிக் கேட்டார். கேட்கவேண்டுமா? சேலை டாக்டர், அருவிக்காரர், பெங்களூர் மேடம் என்று ஒவ்வொருவராகத் தோலை உரித்துத் தொங்கவிட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நடுநடுவே வேலை, வீடு, உடம்பு, ஊசி போட்டால் என்னென்ன மாறும், எது திரும்ப வராது என்று தெரிந்துவைத்திருக்கிறேனா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். இவரைத் திட்ட என்ன இருக்கிறது என்று நானும் இரண்டு வாரமாகத் தேடினேன். மின்விசிறி சத்தம் போடுகிறது என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் போனபோது மேஜைமேல் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து, உரிம எண், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் புதுப் பெயரும் சரியாக இருந்தது.

"எடுத்துக்கங்க தம்பி. இது உங்களுது. இனிமே நீங்க என்ன சொன்னாலும் இத நான் திரும்ப வாங்கப்போறதில்ல."

கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அவசரமாப் போகணுமா? ரெண்டு வாரமும் அப்ளிகேஷன் எழுதுற மாதிரியே பேசுனீங்க. அதான் மொதல்ல இதக் குடுத்தேன். உங்களுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு. பேசுறதுன்னாப் பேசுங்க, இல்லாட்டி டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ வந்தது. பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம் எப்படியோ, "எனக்குச் சடை பிடிக்கும் மேடம்" என்றேன்.

சொன்னதும் பயத்தில் கடிதத்தை இறுக்கிப் பிடித்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் எந்த டாக்டரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் பேனாவை மூடி வைத்திருப்பார்கள், சடை பிடித்தவனுக்கு எதற்கு ஊசி என்று. அதனால் கதையில் அதைச் சேர்க்கவே இல்லை. ஆனால் பிடித்திருந்தது உண்மை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போடுகிற ரெட்டைச் சடை. பாவாடை பிடிக்கவில்லை, தோடு பிடிக்கவில்லை, எனக்கு வைத்த பெயர் பிடிக்கவில்லை. அந்தக் கால்மணி நேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பேன்.

"யாரு பின்னிவிடுவாக?" என்று கேட்டார்.

"அம்மா."

மீதியை நானாகத்தான் சொன்னேன். எண்ணெய் வைத்து உச்சியிலிருந்து கழுத்துவரை அழுத்தித் தேய்ப்பாள், நான் ஆடாமல் இருக்க இரண்டு முழங்காலாலும் என் தோளை இடுக்கிக்கொள்வாள். முடியை வெட்டி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் கை என் மேல் பட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கஞ்சியைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். ஊசி போட்டு மீசையும் முளைத்துவிட்டால் இனி ஒருநாளும் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்தக் கடிதத்துக்கு இப்படி அலைந்தேன். இதைச் சொல்லிவிட்டு நான் அழுதேன், நன்றாகச் சத்தம் போட்டு அழுதேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி அங்கே வர ஒரு காரணமும் இல்லை. "அடுத்த வாரமும் வரலாமா?" என்று கேட்டேன்.