ஜாவா என்று சொல்லக் கூச்சப்பட்ட கதை

நெதர்லாந்துக்காரர்களிடம் காப்பி வேண்டாம் என்று சொன்னால் உண்மையிலேயே தரமாட்டார்கள். ஊரில் இருந்து கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளவும். அலுவலகத்தில் யாராவது எழுந்து போகும்போது "காப்பி?" என்பார்கள். நம்மூர் மரியாதைப்படி "பரவாயில்லை, வேண்டாம்" என்பேன். குமரி மாவட்டத்தில், எங்கள் ஆரல்வாய்மொழியில் அப்படிச் சொல்கிறவனுக்குத்தான் முறுக்கோடு சாயா வரும். இங்கே அந்த மனிதர் தனக்கு மட்டும் ஒரு கோப்பை எடுத்துவந்து, என் எதிரே உட்கார்ந்து ரசித்துக் குடிப்பார்.

இந்த மரியாதைதான் என்னைக் குடும்பத்தோடு மூட்டை கட்ட வைக்கப் பார்த்தது. போன வருடம் என் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. குறைந்தவர்களில் நானும் ஒருவன். விசா விதிப்படி மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நானும், மனைவி ஜெபாவும், டச்சு மொழியில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்ட மகளும் விமானம் ஏற வேண்டியதுதான்.

மென்பொருள் நேர்காணலில் ஒரு கணக்கைக் கொடுத்து, கண்ணெதிரே நிரல் எழுதச் சொல்வார்கள். முதல் நேர்காணலில் ஒரு பெண்மணி, "எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? உங்கள் விருப்பம்" என்றார். இத்தனை வருடம் ஜாவா என்ற கணினி மொழியில் சோறு தின்றவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எதானாலும் சரி, உங்களுக்கு எது வசதியோ அது" என்றேன். என்ன ஒரு பணிவு!

"எழுதப்போவது நீங்கள்தானே?" என்றார் அவர், குழம்பிப்போய்.

விடுவேனா? அவர்கள் பயன்படுத்துவது பைத்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலேயே எழுதினேன். காணொளி பார்த்துக் கற்ற பைத்தான். அதில் வரிகளைச் சரியான இடைவெளி விட்டு உள்ளே தள்ளி எழுத வேண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்வதிலேயே நேரம் பூராவும் போனது. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: "நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியில் உங்களுக்குப் போதிய பழக்கம் இல்லை." அடப்பாவிகளா, நானா தேர்ந்தெடுத்தேன்? அடுத்த நிறுவனத்துக்காக வேறொரு மொழியை அவசரமாகப் படித்தேன். அதுவும் ஊத்திக்கொண்டது.

ஜெபா மார்த்தாண்டத்துக்காரி. அவள் பொறுமை அத்தோடு தீர்ந்தது.

"உங்களுக்க கைக்கு எது பழக்கம்?"

"ஜாவா."

"பின்ன அதச் சொன்னா என்னவாம்?"

"அது பழசு ஜெபா. ரெண்டு வரியில முடியுத காரியத்துக்கு இருபது வரி எழுதணும். சிரிப்பானுவ."

"சிரிச்சா சிரிக்கட்டு. இந்தப் பிள்ளைய இனி எந்த ஸ்கூல்ல கொண்டு சேக்கப் போறிய? மனசிலாச்சா?"

மனசிலாச்சு. சிரிப்பார்கள் என்ற பயம் சென்னையில் தொற்றியது. முதல் வேலையில் நான் வாய் திறந்தாலே "நீங்க மலையாளியா?" என்பார்கள். சில மாதங்களில் நம்மூர் ராகத்தை விட்டுவிட்டுச் சென்னைத் தமிழுக்குத் தாவினேன். அதே தமிழோடு விடுமுறைக்கு ஊருக்குப் போனால், பஸ் ஸ்டாண்டில் பார்த்த கூட்டாளி முறைத்தான். "ஏலே, என்னைய களியாக்குதியா?" கேலி செய்யவில்லை என்று அவனை நம்பவைக்க ஒரு பை ஏத்தங்காய் சிப்ஸ் தேவைப்பட்டது.

கடைசி நேர்காணல் வந்தபோது கெடு முடியச் சில நாட்களே இருந்தன. "எந்த மொழி?" என்று கேட்டார் மடிக்கணினித் திரையில் ஓர் இளைஞர். அடுத்த அறையில் ஜெபா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"ஜாவா" என்றேன், திருடிப் பிடிபட்டவன் குரலில்.

"நல்லது" என்றார். சிரிக்கவே இல்லை. கை தானாக ஓடியது. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. நடுவில் ஓர் எண்ணிக்கை காணாமல் போக, பதற்றத்தில் என் ஆங்கிலமும் கூடவே போய்விட்டது. "எங்கல போய்த் தொலஞ்ச, மக்கா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"என்னிடமா கேட்டீர்கள்?" என்றார் அவர்.

"இல்லை, எண்ணிக்கையிடம்."

"சரி, அது பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன்" என்றார். எண்ணிக்கை கிடைத்தது. வேலையும் கிடைத்தது. ஜெபா அழுதாள். நானும்தான்.

சேர்ந்த அன்றுதான் தெரிந்தது, அங்கே எல்லாமே பைத்தான். நேர்காணலுக்குத்தான் எந்த மொழியும் ஆகுமாம். "மெதுவாகப் பழகிக்கொள்ளுங்கள்" என்றார்கள், பழகியும்விட்டேன். ஆனால் ஜாவாவில் வாக்கியம் முடிந்தால் அரைப்புள்ளி வைத்தாக வேண்டும். பைத்தானில் தேவையில்லை, வைத்தாலும் அது பிழை என்று சொல்வதில்லை, பொறுத்துக்கொள்கிறது. தினமும் மாலையில் என் வரிகளை மேலிருந்து பார்த்து, அரைப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். மறுநாள் எழுதும் புது வரிகளைப் பார்த்தால், கை பழையபடி போட்டு வைத்திருக்கிறது.