மன்னிக்க ஒன்றுமில்லை: ஸரீனா டீச்சரும் கேஜன் தூளும்

“மச்சாள், இதுக்குள்ள கஜு எங்க?”

என் தம்பியின் மனைவி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஸரீனா டீச்சர் கொடுத்தனுப்பிய பொரித்த கோழியைக் கோப்பையில் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். முந்திரிப் பருப்பை நாங்கள் இந்தப் பக்கத்தில் கஜு என்போம்.

“இது கஜு இல்ல, கேஜன். ஒரு தூள்ட பேர்,” என்றேன்.

“அப்ப கஜு போடாம என்னத்துக்கு அந்தப் பேர வெச்சவ?”

வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவள் நான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னாலும் முடியவில்லை, ஸரீனா டீச்சராலும் முடியவில்லை. ஊருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

செய்தி எனக்குக் கல்முனைச் சந்தையில் கிடைத்தது. பாரை மீன் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, ஹனீபாவின் மனைவி ஸரீனா உம்மா வபாத்தானார்கள் என்று மரண அறிவித்தல் செய்தது. முழுப் பெயரோடும் உரிய மரியாதையோடும் சொன்னார்கள். மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்தி, “ஆரு காக்கா மௌத்து?” என்று பக்கத்துக்காரரிடம் கேட்டார்.

“தெரியாதா? நம்மட கஜு டீச்சர்.”

“ஆ, கஜு இல்லாத கஜுவா? நல்ல மனிசி, பாவம்.”

நான் மீனை வைத்துவிட்டு நடந்தேன். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விஞ்ஞானம், அவர் ஆங்கிலம். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டியே இருந்தன. நான் பாண்டிருப்பிலிருந்து வருவேன், அவர் கல்முனைக் கடற்கரைப் பக்கமிருந்து வருவார். அவருடைய சிவப்புப் பேனை பிள்ளைகளின் கொப்பிகளோடு நின்றதில்லை. சிற்றுண்டிச்சாலைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்திவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். “உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?” என்று கேட்டால், “பிழையப் பாத்துட்டுப் பேசாமப் போனா அது எனக்கும் பிழைதானே டீச்சர்,” என்பார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இடையில் சம்பளமில்லா விடுமுறை எடுத்துக் கணவரோடு தோஹாவில் சில காலம் இருந்தார். அங்கே அடுத்த வீட்டில் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண் குடியிருந்தாள். அவளிடம் ஸரீனா டீச்சர் செய்யப் பழகியதுதான் கேஜன் தூள். திரும்பி வந்து எனக்கு ஒரு போத்தலைத் தந்தார். நான் அதைத் தேங்காய்ப்பால் விட்ட மீன் கறியில் போட்டேன். கறி நாசமாகிவிட்டது. மறுநாள் குறை சொன்னேன்.

“கறித்தூள் மாதிரிப் போட்டீங்களா? அல்லாஹ்வே! இதில மல்லி இல்ல, சீரகம் இல்ல, மஞ்சள் இல்ல. இது குழம்புக்குள்ள போற தூள் இல்ல டீச்சர், மேல தடவுற தூள்.”

பிறகு ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் செய்து காட்டினார். காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்தான் அதில் கூடுதல். பப்ரிகா என்று கடைகளில் விற்பது. அதோடு உள்ளித் தூள், அதாவது பூண்டுத் தூள், வெங்காயத் தூள், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, உறைப்புக்கு நம்முடைய மிளகாய்த் தூள், காய்ந்த தைம் இலை, ஓரிகானோ இலை. வெங்காயத்தையும் உள்ளியையும் மெல்லியதாகச் சீவி மொட்டை மாடியில் காயவைத்து அவரே இடிப்பார். கடைத் தூளில் உப்புச் சேர்த்தே வரும். அவர் தம்முடைய தூளில் உப்புச் சேர்க்கமாட்டார். “உப்பு உள்ளுக்கு இரிக்குது எண்டு தெரியாம சனம் இன்னொருக்காப் போடும். தனியப் போட்டா எவ்வளவு எண்டு கைக்குத் தெரியும்,” என்பார்.

அன்று மீனை உருக்கிய பட்டரில் தோய்த்து, இரண்டு பக்கமும் தூளை அப்பி, புகையெழும் இரும்புத் தாச்சியில் போட்டார். வீடு முழுவதும் புகை. ஹனீபா இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண், “என்ன ராத்தா, பத்தி எரியுதா?” என்று கத்தினாள்.

“எரியல்ல, கறுக்குது!” என்று இவர் இங்கிருந்து கத்தினார்.

மீனின் மேற்புறம் கரியாக இருந்தது. கருகிவிட்டது என்றேன். “கருகினது வேற, கறுத்தது வேற. நாக்கில வைங்க, கசந்தா கருகினது,” என்றார். கசக்கவில்லை. இறாலுக்கும், பொரித்த மரவள்ளிக்கும், முட்டைப் பொரியலுக்கும் அதே தூளைத் தூவித் தந்தார். ஆனால், லூசியானாவின் பழைய வீடுகளில் உப்பும் மிளகும் மிளகாயும்தான் முக்கியம், இத்தனை சாமானோடு போத்தலில் வருவதெல்லாம் பிந்தி வந்த வழக்கம் என்பதையும் அவரே சொன்னார். தம்முடைய சாமானைப் பற்றிக்கூட அவர் கூட்டிச் சொன்னதில்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்தே ஓடர் எடுத்துக் கோழியும் மீனும் செய்து கொடுக்கத் தொடங்கினார். பொதிகளில் ஒட்டும் சிட்டை அடிக்க அச்சகத்துக்குப் போனோம். ‘கேஜன்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டு அச்சகத் தம்பி பெருமையோடு சொன்னான்: “டீச்சர், நீங்க பிழையா எழுதியிருந்தீங்க. நான் கஜுன் எண்டு திருத்திட்டன்.”

வாழ்நாளெல்லாம் திருத்திய மனிதரை ஒருவன் திருத்திவிட்டான்! அவர் சிட்டைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனையால் வெட்டிச் சரியாக எழுதினார். யார் பார்த்தார்கள்? ‘கஜுன்’ வாய்க்கு வாய் போய்க் ‘கஜு’ ஆனது. கஜுக் கோழி, கஜு மீன், கடைசியில் கஜு டீச்சர்.

பெயரை மாற்றுங்கள் என்று நான் எத்தனை முறை சொன்னேன்! காரக் கோழி என்று வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் நான் எழுதியாக வேண்டும்.

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் அகாடியா என்ற நாட்டுப் பகுதி இருந்தது. அங்கே பிரெஞ்சு பேசிய விவசாயிகளும் மீனவர்களும் குடியிருந்தார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு பிரித்தானியர் அவர்களைக் கப்பல்களில் ஏற்றித் துரத்திவிட்டார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். அகாடியன் என்ற பெயர் அங்கே காடியன் ஆகி, பிறகு கேஜன் ஆனது.

“சுனாமிக்குப் பிறகு உள்ளுக்கு வீடு கட்டிப் போன நம்மட சனம் இன்னும் பழைய ரோட்டுப் பேரத்தானே சொல்லுது? அதுபோலத்தான். ஊரப் பறிச்சிட்டாங்க, பேர் மட்டும் மிஞ்சினது. அதுவும் தேஞ்சு தேஞ்சு இவ்வளவுதான் கிடக்கு. இன்னும் தேய்க்க நான் ஆளில்ல டீச்சர்,” என்றார்.

பிறகு ஊரில் ஒரு கலியாணம் வந்தது. மணப்பெண்ணின் தாய் கேஜன் கோழிக்குச் சொல்லியிருந்தார். சொல்லும்போதே ஸரீனா டீச்சர், “தங்கச்சி, இதில கஜு வராது,” என்று விளக்கியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்தத் தாய் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். விருந்தில் மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், “கஜுக் கோழி எண்டீங்க, கஜுவக் காணல்லயே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் அந்தத் தாய்க்குத் தலைகுனிவு. அவர் நேரே பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயரிடம் முறையிட்டார். மரைக்காயர் இரண்டு பேரோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“கோபிக்காதீங்க டீச்சர். பேர் ஒண்டு, சாமான் ஒண்டு எண்டு கதை வந்திரிக்கு. யாவாரத்தில ஏமாத்து வரப்படாதுதானே.”

ஏமாத்து என்ற சொல்லைக் கேட்டதும் ஸரீனா டீச்சரின் முகம் மாறியதைப் பார்த்தேன். தாம் உண்ணும் சோறு ஹலாலான உழைப்பில் வந்தது என்பதுதான் அவருக்கு எல்லாம். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“மரைக்காயர், சந்திக் கடையில டெவல் கோழி திண்டிரிக்கீங்களா?”

“ஓம், திண்டிரிக்கன்.”

“அதுக்குள்ள டெவில், அந்த ஷைத்தான், எங்க எண்டு கேட்டீங்களா?”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

“மஸ்கட் இனிப்புத் திண்டிரிப்பீங்க. அதுக்குள்ள கஜு இரிக்கு. மஸ்கட் பட்டணம் எங்க இரிக்கு?”

பிறகு போத்தலைத் திறந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்து, அதிலுள்ள ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லி விளக்கினார். மரைக்காயருக்குத் தும்மல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மெய்தான் டீச்சர், உங்களில பிழை இல்ல. ஆனா சனத்துக்கு விளங்காதே. ஒரு பிடி கஜுவப் பொரிச்சு மேல தூவி விடுங்க. பேரும் சரி, சாமானும் சரி.”

“அதானே ஸரீனா, ஒரு பிடிதானே,” என்றார் ஹனீபாவும்.

“தூவினா அண்டைக்கு நான் ஏமாத்தினது மெய் எண்டு ஆகும். செய்யாத பிழைய நானே ஒத்துக்கொண்டு கஜுவால மூடினதா முடியும். மாட்டன்.”

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிழை இல்லை என்று அந்த அறைக்குள் சொன்ன மனிதர் அதை வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு கலியாண வீடுகளிலிருந்து ஓடர் வரவில்லை. ஒன்றிரண்டு வீட்டார் மட்டும் வாங்கினார்கள். இதயம் பலவீனமாகிக் கட்டிலில் கிடந்த கடைசி வாரங்களிலும், “அந்தக் கலியாணப் புள்ளைட உம்மாக்கு விளங்கிச்சா டீச்சர்?” என்று என்னிடம் கேட்பார். “விளங்கும், கொஞ்சம் பொறுங்க,” என்பேன். விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குமுன் அவருடைய மகன் வாசலில் நின்று, “எங்கட உம்மா ஆருக்காவது கடன்பட்டிருந்தா எனக்கிட்டச் சொல்லுங்க. ஆர்ட மனசையும் நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க,” என்று வழக்கப்படி கேட்டான். உள்ளே பெண்கள் நடுவில் அந்தக் கலியாணப் பெண்ணின் தாயும் இருந்தார். கண்ணைத் துடைத்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“அந்தக் கஜு விசயத்த நான் மன்னிச்சிட்டன். அல்லாஹ்வுக்காக விட்டுட்டன்.”

“பெரிய மனசு ராத்தாக்கு,” என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “தங்கச்சி, மன்னிக்க அங்க ஒண்டும் இல்லையே. அவ ஏமாத்தல்லயே,” என்றேன்.

“ஓம் டீச்சர், ஓம். மௌத்தானவங்களப் பத்தி இனி என்னத்துக்குக் கதை? நான்தான் மன்னிச்சிட்டனே.”

அவர் பொய்யாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் மன்னித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. குற்றம் சாட்டினால் மறுக்கலாம். சாவு வீட்டில் அழுதுகொண்டு மன்னிக்கிறவரிடம் என்ன சொல்வது? அகாடியாவைப் பற்றி அங்கே நின்று பாடம் நடத்தவா? டீச்சரின் மகள் என் கையைப் பிடித்து, “விடுங்க டீச்சர். உம்மா இருந்தா இந்நேரம் சிவப்புப் பேனையத் தேடியிருப்பா,” என்றாள். இருவரும் அழுகைக்குள்ளே சிரித்துவிட்டோம்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு சொல்: ‘மாட்டன்.’ மிக எளிதாக ஓம் என்று சொல்லியிருக்கக்கூடிய நேரத்தில், சத்தம் போடாமல் அவர் சொன்ன ‘மாட்டன்.’ அது என்னிடம் இருக்கட்டும். அவரை மன்னித்ததாகச் சொன்னவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

மற்றவர்கள் இதைச் செய்து பாருங்கள். பப்ரிகா இரண்டு தேக்கரண்டி, உள்ளித் தூளும் வெங்காயத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, மிளகாய்த் தூள், கறுப்பு மிளகு, தைம், ஓரிகானோ அரை அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகு கால் தேக்கரண்டி. நன்றாகக் கலந்து, ஒரு துண்டு மீனில் அளவாக உப்போடு தடவி, சூடான தாச்சியில் பொரியுங்கள். வேறெதையும் மேலே தூவாதீர்கள்.