தட்டிப் பார்த்து வாங்கிய கெட்டில்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். பூசணிக்காய், கதவு, சுவர், புதிதாக வாங்கிய நாற்காலி, எல்லாவற்றுக்கும் விரல் முட்டியால் ஒரு தட்டு விழும். தட்டிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். பீங்கான் தொழிற்சாலையில் அவருக்கு அதுதான் வேலை. சூளையிலிருந்து வந்த கப்புகள் வரிசையாக நகர்ந்து வரும். கையில் சின்ன மரக்குச்சியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டுவார். கணீரென்றால் பெட்டிக்குள், டொக்கென்றால் கழிவுக்கூடைக்குள். அங்கே அவரை எல்லோரும் 'டொக்கு அக்கா' என்றே கூப்பிட்டார்களாம். அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

நான் கல்யாணமாகி வந்தபோது ஆறு கப் உள்ள பீங்கான் செட் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தேன். பிரித்து அடுக்கக்கூட இல்லை, அண்ணி வந்து வரிசையாகத் தட்டினார். "இது விரிசல்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்தவரையில் அதில் ஒரு கோடுகூட இல்லை. நீலப் பூப்போட்ட, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கப். அதன் பிறகு ஐந்து கப்போடுதான் குடும்பம் நடத்தினேன். வீட்டுக்கு ஆறு பேர் வந்தால் ஒருவருக்கு டம்ளர். அந்த டம்ளரைக் கழுவும்போதெல்லாம் மனதுக்குள் அண்ணிக்கு அர்ச்சனை நடக்கும்.

இப்போது அண்ணிக்கு வயதாகிவிட்டது. கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஒரு சாம்பல் திட்டு, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதனால் யாரைப் பார்ப்பதென்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். என்னை எப்போதுமே அப்படித்தான் பார்த்து வந்தார் என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். அவர் மகனுக்கு வேறு ஊரில் வேலை. கண் இப்படி ஆன பிறகு அம்மா கேஸ் அடுப்பில் வெந்நீர் வைப்பதை நினைத்து அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மின்சாரக் கெட்டில் வாங்கி அனுப்பினான். கருப்பு நிறம், கண்ணாடி மாதிரி வழவழப்பு, தொட்டால் வேலை செய்யும் பொத்தான்கள். எனக்கே எதைத் தொடுவது என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு சின்ன விமானமே ஓட்டலாம் போலிருந்தது.

வந்த மறுநாளே விபரீதம். அண்ணி அதில் தண்ணீர் நிரப்பி, அடுப்பின் மேல் வைத்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து அணைத்துவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். அக்கா விஷயம் என்றால் என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான்தான் ஓடினேன். கெட்டிலின் அடிப்பாகம் உருகி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அண்ணி சமையலறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மறதியில்ல. கை தானாப் போயிடுச்சு" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மகன் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"இனிமே தனியா விடமுடியாது அத்தை. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மாவக் கூட்டிட்டுப் போயிடறேன். ரூமெல்லாம் ரெடி" என்றான். பாசத்தில்தான் சொன்னான். அந்த ஊரில் அண்ணிக்குத் தெரிந்த ஒரு கதவு கிடையாது, ஒரு படி கிடையாது. இந்த வீட்டில் எத்தனை அடியில் எது இருக்கிறதென்று அவர் காலுக்குத் தெரியும்.

அண்ணி போனை வாங்கினார். "நீ வா. இந்தத் தடவை நானே பாத்து ஒண்ணு வாங்கறேன். உனக்கு நானே டீ போட்டுத் தர்றேன். ஒரு சொட்டு சிந்தினாலும் பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் பின்னாலயே வந்துடறேன். சரியா?"

அவன் சரி என்றான்.

கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். விற்பனைப் பெண் நல்ல பெண். எத்தனை லிட்டர், எத்தனை வாட், எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்று அடுக்கினாள். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் கெட்டிலை எடுத்துத் தட்டினார். எனக்கு மானம் போயிற்று.

"இதுல தண்ணி ஊத்திக் குடும்மா. காலியாத் தூக்கறதுக்கா வாங்கறோம்?"

அந்தப் பெண் மேலாளரைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். பெரியது ஒன்றைத் தூக்கியதும் அண்ணியின் மணிக்கட்டு சாய்ந்தது. வேண்டாம் என்று நகர்த்தினார். அடுத்ததில் கைப்பிடிக்குள் விரல்களை விட்டார். விரல் முட்டி கெட்டிலின் உடம்பில் பட்டது. "சூடாயிருந்தா இந்த இடம் வெந்துடும்." அதுவும் போயிற்று. இன்னொன்றின் மூடியைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. இழுக்கும் வேகத்தில் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. பச்சைத் தண்ணீர்தான். இருந்தாலும் இருவருமே அந்தச் செருப்பைப் பார்த்தோம்.

மிச்சமிருந்தவற்றைக் கொதிக்கவிடச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூடி சரியா மூடலேன்னா என்னம்மா ஆகும்?"

"நிக்காதும்மா. ஆவி உள்ள இருக்கற சுவிட்சுக்குப் போனாத்தான் தானா அணையும். மூடலேன்னா கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"அப்போ மூடறது எனக்குக் கேக்கணும்" என்றார் அண்ணி. ஒவ்வொரு மூடியையும் மூடி மூடிப் பார்த்தார். சிலது சத்தமே இல்லாமல் படிந்தன. ஒன்று மட்டும் 'சடக்' என்றது. தண்ணீர் இல்லாமல் போட்டால் என்ன ஆகுமென்றும் கேட்டார். தானாக நின்றுவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டை இருக்கட்டும், போட்டுக் காட்டு என்றார். அந்த 'சடக்' கெட்டிலில் காட்சிக்கு வைத்திருந்ததை வெறுமனே போட்டுவிட்டு எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். சற்று நேரத்தில் சுவிட்ச் துள்ளி மேலே வந்தது. அண்ணி முகத்தில் கடைக்குள் வந்த பிறகு முதல் சிரிப்பு.

பிறகுதான் அது நடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, அதன் தட்டில் வைத்து, சுவிட்சை அழுத்திவிட்டு, கெட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். தலை சாய்ந்தது. தண்ணீர் முதலில் முனகியது, பிறகு இரைந்தது. இரைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. நான் கொதித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இன்னும் இல்ல" என்றார் அண்ணி. இரைச்சல் திடீரென்று தணிந்து குழைந்தது. "இப்போ அடங்குது பாரு. இப்பத்தான் கொதிக்கப் போவுது." சொல்லி வாய் மூடவில்லை, குமிழி தளதளத்தது. 'டக்' என்று சுவிட்ச் மேலே வந்தது.

என் ஆயுசில் எத்தனை ஆயிரம் தடவை வெந்நீர் வைத்திருப்பேன்! கொதிக்கும் முன் தண்ணீர் ஒரு கணம் அடங்கும் என்று நான் கண்டதே இல்லை, கேட்டதும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், மலைத்துப்போய் நின்றேன்.

"இதுதான். சிவப்புல இருக்கா? ஓரக்கண்ணுல தெரியணும்" என்றார்.

இருந்தது. ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத சின்னக் கெட்டில், தொட்டால் சுடாத இரட்டைச் சுவர், கணக்காக ஒரு கை அளவு கைப்பிடி.

வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் வைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினார். கை நேராக அடுப்பை நோக்கிப் போயிற்று. அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுபடி முயன்றார். மறுபடியும் அடுப்பு. அடுப்பின் மேல் சிவப்புக் கெட்டிலை வைத்துவிட்டு அப்படியே நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

"கையத் திட்டி என்ன பிரயோஜனம்? இந்த ரூமுக்குள்ள வந்தா அது அடுப்பத்தான் தேடும். அதுக்கு வேற தெரியாது" என்றார் கடைசியில்.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மேசை, பக்கத்தில் பிளக். அங்கே வைத்தார். ஒரு சொம்பு தண்ணீர், டீ பைகள், கப்புகள், எல்லாம் அந்த மேசைக்கே குடிபெயர்ந்தன. கூடத்தில் அடுப்பு கிடையாது, கைக்குத் தேடவும் ஒன்றுமில்லை. இவ்வளவுதான் விஷயம். அதை நான் யோசிக்கவில்லை, அவ்வளவு படித்த மகனும் யோசிக்கவில்லை; அதற்காக எங்களைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் கை அவர் கை இல்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். செருப்பைக் கழற்றியதும் முதலில் அடுப்பைப் போய்ப் பார்த்தான். பிறகு ஜன்னலோர மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். அண்ணி அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். மூடியை அழுத்தினார், சடக். சுவிட்சை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் இரைந்தது, அடங்கியது, டக் என்றது.

கப்புகளில் டீ பையைப் போட்டார். கெட்டிலைத் தூக்கி அதன் மூக்கைக் கப்பின் விளிம்பில் மெல்லத் தொட்டார். சின்னதாக ஒரு 'டிங்'. அங்கிருந்து சாய்த்தார். கப்பில் விழும் தண்ணீரின் சத்தம் முதலில் கனமாக இருந்தது. நிறைய நிறைய மெலிந்து மேலே மேலே ஏறிற்று. மகன் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி பாதி எழுந்துவிட்டான். சத்தம் ஓரிடத்துக்கு வந்ததும் அண்ணியின் கை நின்றது. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே. இன்னொரு கப்பும் அப்படியே. மேசையை நான் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை.

மகன் கப்பைத் தட்டோடு எடுத்தான். அது தட்டில் கடகடவென்று ஆடியது.

"உன் கை ஏன்டா ஆடுது?" என்றார் அண்ணி.

"எனக்கு என்னோட கப் வேணுமே" என்று என் பக்கம் திரும்பினார். "கதவுக்குப் பின்னால பெட்டி இருக்கு பாரு. துணிக்கு நடுவுல சுத்தி வெச்சிருக்கேன். எடு."

கதவுக்குப் பின்னால் போனேன். பெட்டி நிரம்பியிருந்தது. மடித்த புடவைகள், மாத்திரைகள், கம்பளி, தொழிற்சாலையில் வைத்திருந்த அந்த மரக்குச்சி. எல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தார். கடையில் அத்தனை பேர் நடுவில் கம்பீரமாக நின்ற மனுஷி, ஒரு சொட்டு சிந்திவிடும் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறார். நடுவில் துண்டுக்குள் என்னுடைய கப். நீலப் பூப்போட்டது.

கைப்பிடி தேய்ந்து மழுங்கியிருந்தது, தினமும் புழங்கிய பாத்திரம். நான் அறியாமலே விரல் முட்டியால் தட்டினேன். டொக்.

"இது விரிசல்னு தூக்கிட்டுப் போனீங்களே அண்ணி!"

"விரிசல்தான். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அழுத்தாம பிடிச்சுக்குவேன். இத்தனை வருஷம் தாங்குதே."

"என்கிட்டயே விட்டிருக்கலாமே?"

"உனக்கு எந்தப் பக்கம்னு தெரியாதே. சுடச்சுட ஊத்தி, மடியில உடைஞ்சிருந்தா?"

வெகுளித்தனமாகக் கேட்டார். எத்தனை டம்ளர், எத்தனை அர்ச்சனை! கப்பை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி, விரிசல் பக்கத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு, டீ பை போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.

மகன் எங்கள் இருவரையும் பார்த்தபடியே இருந்தான். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனான். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் துணிகளை அடுக்கும் சத்தம். அண்ணி கப்பை வாயருகே பிடித்தபடி, குடிக்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.