விலகி நின்ற வருஷம்

களமசேரியில் கம்பெனி வாசலை விட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாடை வந்தது. சாலையோரச் சாக்கடையில் யாரோ பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். பெட்டி அடுக்கும் வேலையை அன்று காலையில்தான் விட்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கம்பளி. ஒரு வருஷமாக எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா நண்பா, இந்த வாடையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அப்பா மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய பிளீச்சிங் பவுடர் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். வாசல் குழாயடியில் குளித்து முடிக்கும்வரை எங்களைத் தொடமாட்டார். மற்ற வீட்டு அப்பாக்களிடம் ஏன் அந்த வாடை இல்லை என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். போன வருஷம், வேலையில் இருக்கும்போதே நெஞ்சை அடைத்துப் போய்விட்டார்.

தெருக் கூட்ட மலையாளக் கரைக்கு வந்த தமிழர்கள் நாங்கள். எங்கள் குடியிருப்பு வரிசையில், அதை நாங்கள் லைன் என்போம், ஒரு வழக்கம் உண்டு. அப்பன் பணியிலிருக்கும்போது செத்தால் வேலை பிள்ளைக்கு வரும். அதோடு கார்ப்பரேஷன் வீடும் தங்கும். காரியம் முடிந்த மறுநாளே அப்பாவின் கூட்டாளி மாரியண்ணன் வந்து உட்கார்ந்தார்.

"டேய், பெர்மனன்ட் ஜோலியாக்கும். எட்டாங்கிளாஸ் தோத்தவனுக்கு வேற எவன்டா தருவான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சாயாவைக் குடித்துவிட்டு அவர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"உங்க தாத்தன் தெருவு கூட்டுனாரு, அப்பன் கூட்டுனாரு. போதும். நீ இங்க நின்னா இவங்க விடமாட்டாங்க. ஒரு வருஷம் கண்ணுல படாம எங்கயாவது போயிரு. வேலைக்கு எழுதிக் குடுக்குற கெடு தீந்துரும்."

"வீடு போயிருமேம்மா?"

"போட்டும். எங்கயாச்சும் வாடகைக்குக் கெடந்துக்கலாம்."

எனக்குக் கசக்குமா? ஊர்சுற்றப் பெற்றவளே விபூதி பூசி அனுப்பிய மகன் அந்த லைனில் நான் ஒருவன்தான்.

மங்களூரில் மீன்துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். விரல் மரத்துப்போகும், மற்றபடி குறையில்லை. ஹூப்ளியில் லாரி ஷெட் ஒன்றில் காய்ச்சலோடு சாக்கு விரித்துக் கிடந்தேன். பெயர் தெரியாத ஒரு டிரைவர் ரொட்டியும் மாத்திரையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். பிறகு கோவா. அங்கே ஒரு ஹோட்டலில் எனக்குக் கிடைத்த வேலை, நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்வது. முதல் நாள் மேலாளர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். அதற்குள்ளிருந்து அப்பா எழுந்து வந்தார். எதிலிருந்து தப்ப இரண்டு மாநிலம் தாண்டினேனோ, அதையே நீலத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் உத்தியோகம். இங்கே அந்த வாடை வந்தால் விருந்தினர்கள் நம்பி இறங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மழைக்காலத்தில் ஹோட்டல் காலியாகக் கிடந்தபோது எங்களையும் குளத்தில் இறங்கவிட்டார்கள். ஓய்வு என்று அந்த வருஷத்தில் எனக்கு வாய்த்தது அதுதான். மழை முகத்தில் விழ மல்லாந்து மிதப்பேன். அப்பா ஒருநாளும் இப்படிக் கிடந்ததில்லை என்று நினைப்பு வரும். கரையேறிவிடுவேன்.

கடைசியில் வீட்டுப் பக்கம் இருக்கலாமென்று களமசேரிக்கு வந்தேன். அப்போதும் மட்டாஞ்சேரிக்குள் கால் வைக்கவில்லை. போனில் அம்மா "சாப்ட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கெடு முடிந்ததும் கிளம்பினேன்.

சாயங்காலம் கொச்சங்காடியில் இறங்கி, சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரிகளைச் சுற்றிக்கொண்டு லைனுக்குள் நுழைந்தேன். எங்கள் குழாயடியில் கார்ப்பரேஷன் பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். என் தங்கை செல்வி.

"கிட்ட வராதண்ணே, அங்கயே நில்லு. குளிச்சிட்டு வரேன்."

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்காரும்வரை சொன்ன இடத்திலேயே நின்றேன்.

"ஜூ டவுன் கடை வேலை?"

"விட்டாச்சு. போன வாரம் இதுல சேந்தாச்சு."

"பாலக்காட்டுல சம்பந்தம் பேசியிருந்தாங்களே?"

"அவங்களும் விட்டாச்சு." சிரித்தாள். "பின்னே என்னண்ணே? வீடு காலி பண்ணிட்டு இந்த அம்மாவ எங்க கொண்டுபோய் வெக்கிறது? உன்ன ஒளிச்சுவெச்சா வேலை போயிரும்னு நெனச்சிச்சு. நான் ஒருத்தி இருக்கறதே அதுக்கு ஓர்மையில்ல."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். லைனில் வாரிசு என்றால் ஆண்பிள்ளைதான். அம்மாவும் அப்படியே நினைத்தாள், நானும் அப்படியே.

"நீ விட்டுரு. நான் போறேன்."

"பேரு பதிஞ்சாச்சு. இனி மாத்த ஏலாது. மீன் வெச்சிருக்கு, சாப்டு."

அப்பா காலத்தில் இருட்டு விலகுமுன்னே லைனில் வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் தமிழில் வைது எழுப்புவார்கள். "ஏ காளி, சூரியன் வந்து காலப் பிடிக்கணுமாடா?" என்று மாரியண்ணன் போடும் கூச்சலில் சுக்குக் கிடங்குப் புறாக்களெல்லாம் பறக்கும். பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாரியண்ணன் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த நாள் அந்த நேரத்தில் செல்வியின் செல்போன் ஒரு முறை அதிர்ந்தது. கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், யாரையும் கூப்பிடாமல் போனாள்.

விடிந்ததும் நான் பழைய யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போனேன். அவள் இருந்த பழம்பொருள் கடையில் இன்னும் ஆள் எடுக்கவில்லை.

"செல்வியுடெ சேட்டனா? நல்ல குட்டியாயிருந்நு," என்றார் முதலாளி, நல்ல பெண் என்று. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பின்கட்டைக் காட்டினார். புத்தம்புதுப் பித்தளை விளக்குகள் குவிந்திருந்தன. உப்பும் வினிகரும் பூசி, ஈரத்தில் போட்டு, அவற்றைப் பழசாக்க வேண்டும். பளபளத்தால் விலை போகாது.

சுவரோரம் செல்வி உட்காரும் பலகை கிடந்தது. அதன்மேல் துணியை மடித்துவைத்திருந்தாள், திரும்பி வரப்போகிறவளைப் போல. அதை எடுத்து நனைத்தேன்.